தள்ளிய பாக்கி

அன்று அந்த அறையில் இருந்தது ஆறு பேர். மேசைக்குப் பின்னால் கணக்குப்பிள்ளை. அவருக்கு எதிரே சிமெண்டுத் தரையில் நாங்கள் மூன்று பெண்கள்: என் வீட்டுக்காரரின் அக்கா, அதாவது என் மதினி, கீழத்தெருவிலிருந்து எங்களோடு வேனில் வருகிற அக்கா, நான். வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு வேன் டிரைவர். ஆறாவது ஆள் மெஷினோடு வடக்கேயிருந்து வந்தவர். நாற்பத்தைந்து வயதிருக்கும், மீசை பாதி நரைத்திருந்தது. மூலையில் நின்று கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். முதலாளி வரவில்லை. அவர் நாற்காலியில் ஒரு கட்டு லேபிள் உட்கார்ந்திருந்தது.

நான் இப்படி ஆட்களை எண்ணுகிறவள். எங்கே போனாலும் எத்தனை பேர், யார் யார், கதவு எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த பழக்கம் என்று கேட்கிறவர்களிடம் சொல்வேன். உண்மையில் அதற்கு முன்பே அப்படித்தான்.

அது இரண்டாயிரத்து ஏழு, ஆனி மாசம், சம்பளச் சனிக்கிழமை. மகளை ஒன்பதாம் வகுப்புக்கு விருதுநகரில் ஹாஸ்டலில் விட்டு ஒரு மாசம் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் மலேசியாவில் ஓட்டலில் பாத்திரம் கழுவப் போய் ஒரு வருஷம். சாத்தூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரில், இரண்டு பத்திக் கல்வீட்டில், நான் மட்டும். கதவைப் பூட்டிவிட்டு நாலு எட்டு போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மறுபடி போய் மறுபடி வருவேன். இழுத்துப் பார்த்தது போதும் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே என் வேலை கட்டை அடுக்குவது. மரச்சட்டம் ஒன்றில் வரிசை வரிசையாகப் பள்ளம் இருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குச்சி, முனை ஒரே மட்டத்துக்கு நிற்கவேண்டும். அடுக்கி முடித்த சட்டத்துக்குப் பெயர் கட்டை. அதைக் கொண்டுபோய் மருந்தில் முக்குவார்கள். கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. எட்டாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி இந்த வேலையில் உட்காரவைத்தார்கள். அம்மா என் பேரில் நூற்றைம்பது ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருந்தாள். என் பேரை முழுசாக இனிஷியலோடு ஒருத்தர் மையில் எழுதிப் பார்த்தது பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டுக்கு அடுத்தபடி ஆபீஸின் அட்வான்ஸ் பேரேட்டில்தான்.

அட்வான்ஸ் என்பது என்னவென்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, எதற்கானாலும் ஆபீஸில் மொத்தமாக ஒரு தொகை கேட்டால் தருவார்கள். வட்டி கிடையாது. வாராவாரம் சம்பளத்தில் பத்தோ இருபதோ பிடிப்பார்கள். பாக்கி தீருகிறவரை வேறு ஆபீஸுக்குப் போகமுடியாது. போகணும் என்றால் அந்தப் புது ஆபீஸ்காரர் பழைய பாக்கியைக் கட்டி நம்மை எடுக்கவேண்டும். இதை அடிமைத்தனம் என்று சொல்கிறவர்கள் உண்டு. என் மதினி சொல்லுவாள். அவள் வைராக்கியமாகத் தன் பாக்கியைத் தீர்த்து, அதற்குப் பிறகு ஒரு பைசா அட்வான்ஸ் வாங்கவில்லை.

நான் அதை வேறு விதமாகப் பார்த்தேன். நமக்குப் பாக்கி இருக்கிறவரை அவர்கள் நம்மை விடமாட்டார்கள். வேலை கொடுத்தால்தானே பிடிக்கமுடியும்? சரக்குத் தேங்கி வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று ஆகும்போது, பாக்கி இல்லாதவர்களைத்தான் முதலில் வீட்டில் இருக்கச் சொல்வார்கள். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் பாக்கி முந்நூறுக்குக் கீழே இறங்கினால் ஏதாவது காரணம் சொல்லி மறுபடி வாங்கிவிடுவேன். ஒருமுறை காரணம் கிடைக்காமல் பல்வலி என்று சொல்லி ஐந்நூறு வாங்கினேன். கணக்குப்பிள்ளை "எந்தப் பல்லு" என்று கேட்டார். வாயைத் திறந்து காட்டினேன்.

வேன் டிரைவரிடமும் பட்டியல் இருந்தது. காலையில் ஐந்தரைக்கு ஊருக்குள் வருவார். பாக்கி இருக்கிற ஆளின் வீட்டு முன்னால் மூன்று ஹாரன் அடித்து நிற்பார். அந்த ஆள் வராவிட்டால் பணம் நின்றுபோகும் அல்லவா. பாக்கி இல்லாத ஆளுக்கு ஒரு ஹாரன். வந்தால் வரட்டும். மதினி தலையைப் பாதி பின்னிக்கொண்டு தூக்குச்சட்டியோடு ஓடிவருவாள்.

"உனக்கென்னடி, மாப்பிள்ளை வீட்டு அழைப்பு மாதிரி மூணு தடவ. எனக்கு நாயைக் கூப்பிடுத மாதிரி ஒண்ணு."

"நீங்களும் வாங்குங்களேன் மதினி."

"அந்த ஹாரனுக்காக ஆயிரம் ரூவா கடன் வாங்கச் சொல்லுதா பாரு, இவ."

அவள் சிரிப்பாள், வேனே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் அந்த மூன்றாவது ஹாரனைக் கேட்கும்போது எனக்கு வயிற்றில் ஒரு நிம்மதி இறங்கும். இந்த உலகத்தில் என் வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்று என்னை எதிர்பார்க்கிறவர் அந்த டிரைவர் ஒருத்தர்தான் என்று நினைத்துக்கொள்வேன். அவருக்கும் எனக்கும் நாலு வார்த்தைப் பேச்சு இருந்ததில்லை.

மெஷின் வரப்போகிறது என்று தை மாசமே பேச்சு அடிபட்டது. குச்சியைக் கொட்டினால் ஒரு குலுக்கில் ஒரு கட்டையை அடுக்கிவிடுமாம். சிவகாசியில் ஒரு ஆபீஸில் போட்டுவிட்டார்களாம். நாற்பது பேர் செய்வதை நாலு பேர் செய்வார்களாம். நான் தூங்கவில்லை. பங்குனிப் பொங்கல் சமயத்தில் போய், மகளுக்கு ஹாஸ்டலுக்குப் பெட்டி, துணிமணி என்று சொல்லி ஆயிரத்து எழுநூறு கேட்டேன். பழைய பாக்கி முந்நூறு. ஆகமொத்தம் இரண்டாயிரம். என் ஆயுசில் அவ்வளவு பாக்கி வைத்ததில்லை. அந்தப் பணத்தைத் தொடக்கூட இல்லை. அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு, இனி நம்மை அனுப்பமாட்டார்கள் என்று இருந்தேன்.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கீழத்தெரு அக்காவிடமும் சொன்னேன். அவர் வீட்டுக்காரர் பட்டாசு செய்கிற பயர் ஆபீஸில் நடந்த விபத்தில் கை வெந்து வீட்டோடு இருந்தவர். "அக்கா, பாக்கிய ஏத்தி வச்சுக்கோங்க. அம்புட்டுப் பணத்த விட்டுட்டு ஆள அனுப்புவாகளா?" அக்கா என்னை நம்பினார். என்னைவிட எட்டு வயது மூத்தவர் என் யோசனையைக் கேட்டது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. போய் ஆயிரத்து ஐந்நூறு வாங்கினார்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மெஷின் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. அடுக்குகிற இடத்தில் இருந்த நாற்பது பேரையும் ஊர் வாரியாகக் கூப்பிட்டு அனுப்பினார்கள். எங்கள் ஊர் மூன்று பேரும் போய் உட்கார்ந்தோம். கணக்குப்பிள்ளை பேரேட்டைத் திறந்து என் பக்கத்தை எடுத்தார். சிவப்புப் பேனாவும் அடிமட்டமும் பக்கத்தில் இருந்தன.

"எல்லாரும் சந்தோசமாக் கேட்டுக்கோங்க. பாக்கிய பூராம் தள்ளிரச் சொல்லிட்டாரு முதலாளி. ஒத்தப் பைசா தர வேண்டாம்."

கீழத்தெரு அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். "நல்லா இருப்பாரு மகராசன்" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

மதினி என் தொடையில் கிள்ளினாள். "இப்படித் தள்ளுவாகன்னு தெரிஞ்சிருந்தா நானும் பத்தாயிரம் வாங்கியிருப்பனே. ஏங்க, வாங்காதவளுக்கு ஏதும் தள்ளுறது இல்லையா?"

டிரைவர் சிரித்தார். கணக்குப்பிள்ளை அடிமட்டத்தை என் பேருக்கு மேல் வைத்தார்.

"தள்ளாதீக" என்றேன்.

"என்னது?"

"தள்ளாதீகய்யா. வாரம் இருபது பிடிக்கிறத நாப்பதாப் பிடிச்சுக்கோங்க. அம்பது கூடப் பிடிங்க."

அவர் பேனாவை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நல்ல மனுசர். குரலை உயர்த்தமாட்டார். "இருபத்திரண்டு வருசமா இந்த நாற்காலியில இருக்கேன். கடனத் தள்ளுறேன்னு சொன்னா அழுகிற ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்."

"வேலையில வச்சுக்கிடுவீகளா?"

அதற்கப்புறம்தான் கீழத்தெரு அக்காவுக்கு விளங்கியது. கும்பிட்ட கை அப்படியே மடியில் விழுந்தது. கணக்குப்பிள்ளை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: மெஷினுக்கு நாற்பது பேரில் நாலு பேர் போதும். கணக்கு நேராக இருக்கிற ஆளாகப் பார்த்து எடுக்கச் சொல்லியிருக்கிறார் முதலாளி. பாக்கி வைத்த ஆள் நாளைக்கு இன்னொரு ஆபீஸுக்குப் போனால் யார் பின்னால் அலைவது என்று அவருக்குச் சலித்துவிட்டதாம். எங்கள் ஊரிலிருந்து ஒரு ஆள். மதினி.

வாய் ஓயாத பொம்பளை வாயை மூடிக்கொண்டால் அதைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. கணக்குப்பிள்ளை மூலையிலிருந்து மூலைக்குக் கோடு போட்டார். அடிமட்டம் வைத்துத்தான் போட்டார், கோணாமல்.

வெளியே வந்ததும் கீழத்தெரு அக்கா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "ஏத்தி வச்சுக்கோன்னு சொன்னியேம்மா." திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் பேசவில்லை. குழாயடியில் பார்த்தால் குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த குழாய்க்குப் போய்விடுவார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரர் மதினியின் செல்போனுக்குப் பேசுகிற நாள்.

"சாப்பிட்டியா?" என்றார். எப்போதும் முதலில் அதைத்தான் கேட்பார்.

"சாப்பிட்டேன். ஆபீஸ்ல பாக்கியத் தள்ளிட்டாக."

"அம்புட்டுமா? நல்லதாப் போச்சு."

"ஆமா. நல்லதாப் போச்சு."

"இங்கன உள்ள ஆளுகளுக்கு எங்களப் பாத்தாலே ஆகமாட்டேங்குது. எங்க வேலையப் பிடுங்க வந்திட்டீகன்னு ஒருத்தன் சொல்லுதான். பாத்திரம் கழுவுறதுக்கு அவனுக்குப் போட்டியாம்." சிரித்தார். நானும் சிரித்தேன். காசு கூடும் என்று போனை வைத்துவிட்டார்.

மதினி போனை வாங்கிக்கொண்டு, "ஏன்டி மறைக்கே?" என்றாள். அவளுக்கு வேலை கிடைத்ததில் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லணும் என்றிருந்தேன். அதைச் சொன்னால் கோபம் இருக்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கெல்லாம் தலை பின்னி, தூக்குச்சட்டியில் சோறு போட்டு மூடிவைத்து உட்கார்ந்திருந்தேன். வேலை இல்லை என்பது தெரியும். கை தானாகச் செய்துவிட்டது. ஒரு ஆளுக்காக ஊருக்குள் சுற்றவேண்டாம் என்று வேனை மெயின் ரோட்டிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்களாம். மதினி நடந்துபோனாள். ஹாரன் சத்தம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. அன்று முழுவதும் தெருவில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குப் பால்காரர் "காசு" என்றார். அன்றைக்கு என்னிடம் பேசியது அந்த ஒரு சொல்.

மெஷின் மேல் எனக்கு ஆத்திரம் இல்லை. கைவேலை மாதிரி வருமா என்று சிலர் சொல்கிறார்கள். பத்து மணி நேரம் குனிந்து குச்சி அடுக்கிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். எனக்கு முப்பத்து நாலு வயதிலேயே கழுத்து திரும்பாது. இதை ஒரு மெஷின் செய்யட்டும், நல்லது. எனக்குப் புரியாதது வேறு. மெஷின் வந்தபிறகு தீப்பெட்டி விலை குறைந்ததா? கடையில் அதே விலைதான் சொன்னார்கள். பருப்பு ஏறிக்கொண்டே போனது. புளி, எண்ணெய், பஸ் டிக்கெட், மகளுக்கு நோட்டு. ரேஷனில் அரிசி இரண்டு ரூபாய்க்குத் தந்தார்கள். அதற்காக அந்தக் கவர்மெண்டைக் கும்பிடுகிறேன். ஆனால் வெறும் சோற்றை எத்தனை நாள் தின்பது. அரிசிப் பானைக்குள் வைத்த பணத்தை ஒவ்வொரு நூறாக எடுத்தேன். எடுக்கும்போதெல்லாம் இது நம் பணமா அவர்கள் பணமா என்று ஒரு குழப்பம்.

பயர் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். கூலி கூட. இரண்டு நாள் யோசித்தேன். கீழத்தெரு அக்கா வீட்டுக்காரரின் கையை நினைத்தேன். எனக்கு ஏதாவது ஆனால் மகள் ஹாஸ்டலிலிருந்து எங்கே வருவாள்? போகவில்லை. ஆடி பிறந்ததும் சிவகாசியில் காலண்டர் அடிக்கிற கம்பெனி ஒன்றில், தேதித் தாள்களை வரிசை பார்த்து அடுக்குகிற வேலை கிடைத்தது. மார்கழி வரைக்கும் சீசன். அங்கே அட்வான்ஸ் கிடையாது. அன்றன்றைக்கு வேலை, சனிக்கிழமை கூலி. நாளைக்கு வா என்றும் சொல்வதில்லை, வராதே என்றும் சொல்வதில்லை. பத்தாம் தேதித் தாளுக்குக் கீழே பதினொன்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, நாளைக்கு நான் எங்கே இருப்பேன் என்று கவலைப்படுவேன்.

அங்கே இரண்டாவது வாரக் கூலி வாங்கியபோது எனக்கு அந்த யோசனை வந்தது. இருநூறு ரூபாயை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு பழைய தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனேன். கொஞ்சம் கட்டிவிட்டால் கணக்கு மறுபடி உயிர்பெறும், கணக்கு இருந்தால் என்றைக்காவது ஆள் தேவைப்படும்போது முதலில் என் பேர் கண்ணில் படும். இதுதான் என் திட்டம். இன்று எழுதும்போது எனக்கே பாவமாக இருக்கிறது. அன்று பஸ்ஸில் போகும்போது அது மிகச் சரியான யோசனையாகத் தெரிந்தது.

கணக்குப்பிள்ளை ரூபாயைத் தொடவில்லை. "எங்கன வரவு வைக்கச் சொல்லுதீக? பக்கத்தையே அடிச்சாச்சு."

"புதுசா ஒரு பக்கம் போடுங்களேன்."

"வேலையில இல்லாத ஆளுக்குப் பக்கம் போட்டா என் வேலையும் போயிரும். போயி ரெண்டு கிலோ பருப்பு வாங்கிட்டு வீட்டுக்குப் போங்க தாயி."

வெளியே வந்தேன். குடோன் ஓரத்து வேப்பமரத்தடியில், மெஷினோடு வந்த வடக்கத்திக்காரர் செங்கல் கூட்டி, உடைந்த குச்சிகளை எரித்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். தனியாகத்தான் இருந்தார். அவரும் ஆறு பேரில் ஒருத்தர். அன்றைக்கு நான் அழுததைப் பார்த்தவர். பத்து நாள் நான் அவரை மனசுக்குள் திட்டியிருக்கிறேன், எங்கிருந்தோ வந்து எங்கள் சோற்றில் கைவைத்த ஆள் என்று. மலேசியாக்காரன் என் வீட்டுக்காரரைத் திட்டுகிற அதே சொல்.

என்னைப் பார்த்ததும் எழுந்து, ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினார். குடித்தேன்.

"வேலை இல்லை?" என்று கேட்டார். அவருக்கு அதுவரை வந்திருந்த தமிழ் அவ்வளவுதான் போலிருக்கிறது.

"இல்லை" என்றேன். "உங்களுக்கு ஊர்?"

கையை வடக்கே நீட்டி மூன்று தடவை தள்ளிக் காட்டினார். ரொம்ப தூரம். பிறகு இடுப்பு உயரத்துக்கு ஒரு தடவை, முழங்கால் உயரத்துக்கு ஒரு தடவை கையை வைத்துக் காட்டினார். "லட்கி" என்றார். பெண்பிள்ளைகள் என்று புரிந்துகொண்டேன். "எப்பப் போவீங்க?" என்று பஸ் ஓட்டுகிற மாதிரி கையைச் சுற்றிக் கேட்டேன். தலையை ஆட்டினார். பிறகு ஒரு சொல் சொன்னார்.

"அட்வான்ஸ்."

மறுபடி வடக்கே கையைக் காட்டினார், அவர் ஊரில் ஆள் பிடிக்கிறவரிடம் வாங்கியதாக இருக்கும். எட்டு விரலைக் காட்டி, "ஹசார்" என்றார். ஆயிரமாகத்தான் இருக்கும். இரண்டு விரலைக் காட்டி "சால்" என்றார். தெற்கு வடக்காகக் கையை ஆட்டியதில், இங்கே வருவதற்கு முன்னால் வேறு எங்கெங்கோ வேலை பார்த்து, இரண்டு வருஷமாக ஊருக்குப் போகவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அட்வான்ஸ் என்ற அந்த ஒரு சொல்தான் எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாகத் தெரிந்தது. அதை அவரும் நானும் நாலைந்து தடவை மாற்றி மாற்றிச் சொன்னோம். சீக்கிரம் தீர்த்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். உடனே, தீர்க்காதீர்கள், தீர்த்தால் அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லத் தோன்றியது. எது அவருக்கு நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் பாஷை இல்லை. ரொட்டி கருகியது. "சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த இருநூறில் பருப்பு வாங்கினேன்.

வீட்டுக்காரர் அடுத்த வருஷம் வந்தார். விஷயம் அதற்குள் மதினி மூலமாகத் தெரிந்திருந்தது, ஒன்றும் கேட்கவில்லை. மூன்று மாசம் இருந்துவிட்டு மறுபடி போனார். கீழத்தெரு அக்கா ஒரு ஆடிக் கடைசி வெள்ளியில் இருக்கன்குடிக் கோயில் கூட்டத்தில் என் பக்கத்தில் நின்று, திரும்பிப் பார்க்காமலே, "திருநீறு எடுத்துக்கோ" என்று கையை நீட்டினார். எடுத்துக்கொண்டேன். ஆபீஸை இப்போது வேறு ஒருத்தர் நடத்துகிறார். கணக்குப்பிள்ளையும் இல்லை. பழைய பேரேடுகளை எடைக்குப் போட்டிருப்பார்கள்.

ஆனாலும் மகளின் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த வருஷமே எழுதி வைத்துவிட்டேன். பங்குனியில் இரண்டாயிரம். அதற்கப்புறம் வாரம் இருபது வீதம் பதின்மூன்று வாரம் பிடித்தது இருநூற்று அறுபது. என் நோட்டில் யாரும் கோடு போடவில்லை. காலையில் ஐந்தரைக்கு இன்னும் விழிப்பு வந்துவிடுகிறது. ரோட்டில் ஏதாவது வண்டி ஹாரன் அடித்தால் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் காது காத்திருக்கிறது. நான் தர வேண்டியது இன்னும் ஆயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய்.